கேமரன் மலையில் ஒரு கைப்பட்டையின் விலை

பள்ளி விடுமுறைக் காலத்தில் மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் கால் வைக்க இடம் இருக்காது. ஸ்ட்ராபெரி, அவித்த சோளம், தேன் புட்டி, சின்னத் தொட்டியில் கள்ளிச்செடி. நடுநடுவே சாவிக்கொத்து, ஸ்ட்ராபெரி உருவத் தலையணை, ரப்பர் நூலில் கோத்த பாசி வளையல். முதலில் சொன்னவை மலையில் விளைந்தவை. பின்னால் சொன்னவற்றில் பெரும்பாலானவை பெட்டி பெட்டியாக லாரியில் ஏறி வந்தவை. மலையின் நினைவாக வாங்கிப் போகும் பொருளை மலைவாசி ஒருவரும் செய்யவில்லை என்பது இங்கே யாரையும் உறுத்துவதாகத் தெரியவில்லை.

உறுத்த வேண்டும். இங்குள்ள தேயிலைத் தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்களில் கைவேலை தெரிந்த பெண்களுக்குப் பஞ்சமில்லை. பட்டு நூல் சுற்றிய வளையல், சுடுமண் தோடு, ஆரி ரவிக்கை என்று தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் அவர்கள் கை ஓய்வதில்லை. ஆரி வேலைக்கு நூற்றுக்கணக்கில் ரிங்கிட் கேட்டாலும் வாடிக்கையாளர் எண்ணிக் கொடுத்துவிடுகிறார். அதே கை ஒரு பாசி வளையலைச் செய்து நீட்டினால், அதே வாடிக்கையாளர் அதன் விலையில் பாதி குறைக்கச் சொல்கிறார். குறை வாங்குபவரிடம் மட்டும் இல்லை. பாசியை நாம் கோத்துக் கோத்தே பழக்கிவிட்டோம். கோத்ததை யார் வேண்டுமானாலும் கோக்கலாம் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறது. அந்த இடத்தில் பேரம் தொடங்குகிறது.

பாசியை ஊசியும் நூலும் கொண்டு துணிபோலப் பின்னும் கலை வேறு. ஒவ்வொரு பாசியும் பக்கத்துப் பாசியோடு நூலால் பிணைக்கப்பட்டு, பட்டையாக, குழாயாக, பூவாக உருவெடுக்கும். இதற்குத் தறி வேண்டாம், உலை வேண்டாம், மின்சார இயந்திரம் வேண்டாம். மெல்லிய நீள ஊசி, உறுதியான நூல், நல்ல வெளிச்சம், பாசி உருளாமல் இருக்க ஒரு துணி விரிப்பு ஆகியவை போதும். நூலுக்குப் பதில் பின்னிய தூண்டில் நரம்பைப் பயன்படுத்துவோர் உலகெங்கும் இருக்கிறார்கள். கண்ணாடிப் பாசியின் விளிம்பு நூலை அறுக்கும், தூண்டில் நரம்பு அதற்கு அவ்வளவு எளிதில் மசியாது.

பின்னல் வகைகள் பல. அதிகம் புழங்குவது பெயோட்டி. முதல் வரிசைக்குப் பாசியை எடுத்துக்கொண்டு, அடுத்த வரிசையில் ஒன்றை எடுத்து, கீழே ஒன்றைத் தாண்டி, அதற்கடுத்ததற்குள் ஊசியை விட வேண்டும். பாசிகள் அரைப் பாசி அளவு தள்ளித் தள்ளி உட்காரும். இதையே பக்கவாட்டில் திருப்பினாற்போல் இருக்கும் செங்கல் பின்னலில், ஊசி பாசிக்குள் போகாமல் இரண்டு பாசிகளுக்கு இடையே ஓடும் நூலுக்கு அடியில் போகிறது. வரிசைக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே போனால் முக்கோணம் கிடைக்கும் என்பதால் தோடு செய்பவர்களுக்கு இது பிடிக்கும். சதுரப் பின்னலில் பாசிகள் நேருக்கு நேர் நிற்கும். உறுதி அதிகம், வேகம் குறைவு. நான்கு பாசிகளை ஒரு கட்டமாகச் சேர்த்துக்கொண்டே போகும் செங்கோணப் பின்னல் துணி மாதிரி வளையும், கல்லைச் சுற்றிக் கூடு கட்டவும் உதவும். இரண்டிரண்டாகச் சாய்ந்து நிற்கும் மீன்முள் பின்னலைத் தென்னாப்பிரிக்காவின் இண்டெபெலே மக்களின் பெயரால் உலகம் அறிகிறது. வலைப்பின்னலோ மிகப் பழையது. கூஃபூ மன்னன் காலத்தில், ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்கு முன், எகிப்தின் கீசாவில் ஒரு பெண்ணோடு புதைக்கப்பட்ட பாசிவலை ஆடை இன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோத்த நூல் மட்கிப்போனாலும் பாசிகள் கிடந்த வரிசையை வைத்து அதை மீண்டும் சேர்த்துவிட்டார்கள்.

இந்தப் பெயர்களைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. வாசலில் கோலம் போடத் தெரிந்த பெண்ணுக்கு இந்தக் கணக்கில் பாதி ஏற்கெனவே தெரியும். நேர்ப்புள்ளிக் கோலத்தின் கட்டம்தான் சதுரப் பின்னலின் கட்டம். இடைப்புள்ளிக் கோலத்தில் புள்ளிகள் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்பதைப் போலத்தான் பெயோட்டியில் பாசிகள் நிற்கின்றன. 15 புள்ளியில் தொடங்கி 8-இல் முடிக்கும் கோலத்தை மனத்தில் வைத்துக்கொண்டே போடுகிறவருக்கு, வரிசைக்கு ஒன்றாகக் குறையும் செங்கல் பின்னலின் வரைபடத்தைப் படிக்கத் தனிப் பாடம் தேவையில்லை. கைத்தொழில் வகுப்பு நடத்துகிறவர்கள் வெளிநாட்டு வரைபடத்தை அச்சடித்துக் கொடுப்பதை விட்டுவிட்டு, ஒரு கோல நோட்டைத் திறந்து வைத்துத் தொடங்கலாம். அடுத்த வீட்டுக்காரருக்குக் கிடைக்காத வடிவங்களும் அந்த நோட்டிலேயே இருக்கின்றன.

தமிழருக்கும் பாசிக்கும் மலாய்த் தீபகற்பத்தில் உள்ள உறவு தேயிலையைவிட மிகப் பழையது. புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில், சூடான கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, அதைத் துண்டு துண்டாக நறுக்கிப் பாசி செய்தார்கள். இந்தச் சின்ன ஒற்றை நிறப் பாசிகள் ஆப்பிரிக்கா முதல் கிழக்காசியா வரை பரவின. அமெரிக்கப் பாசி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இவற்றுக்கு இந்தோ பசிபிக் பாசிகள் என்று பெயர் வைத்தார். கடல் தாண்டிப் போனது பாசி மட்டுமல்ல, தொழிலும்தான். இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் குளோங் தோம், கெடாவின் சுங்கை மாஸ், பேராக்கின் குவாலா செலின்சிங் ஆகிய இடங்களிலும் பாசி செய்த தடயங்கள் கிடைத்துள்ளன. குவாலா செலின்சிங் அலையாத்திக் காட்டில் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் ஐ. எச். என். இவான்ஸ் அகழாய்வு செய்தார். அங்கே கிடைத்த ஒரு சூதுபவள முத்திரையில் ஸ்ரீ விஷ்ணுவர்மன் என்ற பெயர் பல்லவ எழுத்துச் சாயலில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கேமரன் மலையிலிருந்து மேற்கே இறங்கினால் பேராக்தான். குளோங் தோமில் பொற்கொல்லர் ஒருவரின் உரைகல் தமிழ் பிராமி எழுத்தோடு கிடைத்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

கண்ணாடியை இழுத்துப் பாசி செய்யும் அந்தப் பழைய முறை ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரை உயிரோடு வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் பாசி என்றதும் நினைவுக்கு வருகிறவர்கள் நரிக்குறவர்கள். திருச்சிக்கு அருகே தேவராயநேரி போன்ற குடியிருப்புகளில் ஊசியும் கம்பியும் குறடும் வைத்து அவர்கள் கோக்கும் மாலைகள் வேளாங்கண்ணியிலும் ராமேசுவரத்திலும் பேருந்து நிலையங்களிலும் விற்கின்றன. கையில் திறமை இருந்தும் விலை சொல்லும் உரிமை மட்டும் அவர்களிடம் இருந்ததில்லை. தரையில் விரித்த துணியில் வைத்து விற்கும் பொருளுக்கு வாங்குபவரே விலை சொல்கிறார். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் அவர்களுக்கு 2023 ஜனவரியில்தான் வந்தது. பாசி மாலையின் விலை அதனால் உயரவில்லை.

வெனிஸ் நகரத்தின் கதை இன்னும் கசப்பானது. முரானோ கண்ணாடிக்கு உலகப் புகழ். அங்கே செய்த நுண்ணிய பாசிகளை விற்பனைக்காக நூலில் கோத்துக் கொடுத்தவர்கள் ஏழைப் பெண்கள். விசிறிபோல விரித்த நீள ஊசிகளைப் பாசிக் குவியலுக்குள் செருகிச் செருகி எடுப்பார்கள். கொத்துக்கு இவ்வளவு என்று கூலி. இம்பிராரெஸ்ஸே என்று அழைக்கப்பட்ட அவர்கள் 1904-இல் வேலைநிறுத்தமும் செய்தார்கள். கண்ணாடிப் பாசிக் கலையை யுனெஸ்கோ 2020-இல் இத்தாலி, பிரான்ஸ் நாடுகளின் மரபாகப் பட்டியலில் சேர்த்தது. சேர்த்ததில் மகிழ்ச்சிதான். அந்தப் பெண்கள் வாங்கிய கூலியையும் அந்த மரபின் பகுதியாகவே எண்ணிப் பார்க்க வேண்டும். கோப்பதற்கு எங்கேயும் கொத்துக் கூலிதான்.

கொத்துக் கூலியும் எடைக் கூலியும் தேயிலைத் தோட்டத்துக்குப் புதிதல்ல. 1885-இல் வில்லியம் கேமரன் அளந்து குறித்த இந்த மலையில், 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலை வந்தது. கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்ணின் நாள், மாலையில் தராசு காட்டும் எண்ணில் முடிந்தது. இன்று கொழுந்து பறிப்பவர்களில் பலர் வங்காளதேசத்தையும் நேப்பாளத்தையும் இந்தோனேசியாவையும் சேர்ந்தவர்கள். கையால் கிள்ளுவதைவிடக் கத்தரியும் இயந்திரமும் அதிகம். தமிழ்க் குடும்பங்களில் பலர் காய்கறித் தோட்டம், விடுதி, கடை, பள்ளிக்கூடம் என்று தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். எஞ்சியிருக்கும் லயத்திலும் புதிய வீட்டிலும் பகலில் சில மணி நேரம் கையில் இருக்கும் பெண்களே இந்தக் கட்டுரை பேசும் ஆட்கள்.

அந்தச் சில மணி நேரத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜப்பானின் மியுக்கி நிறுவனம் செய்யும் டெலிகா வகைப் பாசியின் வழக்கமான அளவு 1.6 மில்லிமீட்டர் விட்டம், 1.3 மில்லிமீட்டர் நீளம். 16 சென்டிமீட்டர் நீளமும் இரண்டரை சென்டிமீட்டர் அகலமும் உள்ள பெயோட்டிக் கைப்பட்டைக்கு ஏறத்தாழ 1900 பாசிகள் தேவைப்படும். எடை 10 கிராமுக்குள் அடங்கிவிடும். பழகிய கை நிமிடத்துக்கு ஐந்து பாசி சேர்த்தால்கூட 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதத்துக்கு 1700 ரிங்கிட். வாரத்துக்கு 45 மணி நேர வேலை என்று வகுத்தால் மணிக்கு 8 ரிங்கிட் 72 சென். ஆக, அந்தக் கைப்பட்டையில் கூலி மட்டுமே 55 ரிங்கிட். பாசி, நூல், கொக்கி, கடைக்காரரின் பங்கு எல்லாம் அதற்கு மேல். இதை 25 ரிங்கிட்டுக்கு விற்கிறவர் தன் உழைப்பையும் சேர்த்துத் தூக்கிக் கொடுக்கிறார்.

80, 100 ரிங்கிட் கொடுத்து யார் வாங்குவார்கள் என்ற கேள்வி நியாயமானது. பிரிஞ்சாங் சந்தையில் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் வைத்தால் யாரும் வாங்கமாட்டார்கள். அதே பொருளை, சுங்கை பாலாஸில் தேயிலைச் சரிவைப் பார்க்க வருகிறவர்கள் நின்று தேநீர் குடிக்கும் இடத்தில், யார் செய்தது, எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதிய சின்ன அட்டையோடு வைத்தால் பார்வை மாறும். சரிவை நோக்கிய அந்த மேடைக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே நல்ல தேயிலைக்கு நல்ல விலை கொடுக்கத் தயாராக வருகிறவர்கள். ஒரு சின்ன அலமாரி ஒதுக்குவது தோட்ட நிறுவனத்துக்குப் பெரிய செலவல்ல.

வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு உலகச் சந்தை கிடைத்த கதை ஒன்றும் இந்த மலையோடு ஒட்டியிருக்கிறது. தாய்லாந்துப் பட்டுத் துணியை மேல்நாடுகளில் புகழ்பெறச் செய்த அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26 அன்று கேமரன் மலையில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து நடந்து போனவர், திரும்பவே இல்லை. புலி, கடத்தல், உளவு என்று இன்றுவரை ஊரில் கதைகள் உண்டு. அவற்றைவிடச் சுவையானது அவர் தொழில் செய்த விதம். பாங்காக்கின் பான் குருவா கால்வாய்க் கரையில் இருந்த சாம் முஸ்லிம் நெசவாளர்கள் தங்கள் வீட்டுத் தறியிலேயே நெய்தார்கள். அவர் சாயம் போகாத வண்ணமும் வெளிநாட்டுச் சந்தையும் கொண்டு வந்து கொடுத்தார். நெசவாளருக்குத் தொழில் தெரியும், சந்தை தெரியாது. பாசிப் பின்னலிலும் குறுக்கே நிற்பது அந்த இடம்தான். ஆள் காணாமல் போன கதையைச் சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லும் வழிகாட்டிகள் இதையும் ஒரு வரி சொன்னால் நல்லது.

மலேசியாவுக்குள்ளேயே பார்க்க எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. சரவாக்கின் கெலாபிட், காயான், கென்யா மக்களிடம் பழம்பாசி என்பது குடும்பச் சொத்து. குழந்தையை முதுகில் சுமக்கும் கூடையின் பாசி வேலைப்பாடு அந்த வீட்டின் தகுதியைச் சொல்லும். 2010 முதல் அங்கே போர்னியோ பாசி மாநாடு நடந்திருக்கிறது. சரவாக் பாசிகளுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. மலாக்காவில் நியோன்யா பெண்கள் சட்டத்தில் துணியைக் கட்டி ஒவ்வொரு பாசியாகத் தைக்கும் காசுட் மானிக் காலணி பெயர்பெற்றது. கம்போங் செட்டியில் வாழும் மலாக்கா செட்டிகள், மலாய் பேசும் தமிழ் வழிச் சைவர்கள், அதே காலணியைக் கெபாயாவோடு அணிந்தே விழாவுக்குப் போகிறார்கள். வெளியே பார்த்தால், தமிழ்நாட்டின் நீலகிரித் தேயிலை மலையில் தோடர்களின் சிவப்பும் கறுப்புமான தையல் 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. பின்னியவர் யார் என்பது பொருளோடு சேர்ந்தே பயணம் செய்ய அந்தப் பதிவு ஒரு பிடி.

கேமரன் மலையில் இதைச் செய்ய நினைப்பவர்கள் ஒரு வேலியைத் தாண்டக் கூடாது. இந்த மலையின் பூர்வக்குடிகளான செமாய், தெமியார் மக்கள் காட்டு விதைகளில் மாலை செய்கிறார்கள். இயற்கையாகவே துளை உள்ள சாம்பல் நிறப் புல்விதையும், சிவந்த மஞ்சாடியும் அவர்கள் கைக்குப் பழகியவை. அந்த வடிவங்களைப் பார்த்துக் கண்ணாடிப் பாசியில் பின்னி, பழங்குடி மாலை என்று விற்பது திருட்டு. பூர்வக்குடியினரின் கைவினையை விற்றுப் பணம் முழுவதையும் செய்தவரிடமே சேர்க்கும் தன்னார்வக் குழுவான கெராய் ஓஏ, பல ஆண்டுகளாகச் சந்தைகளில் மேசை போட்டு வருகிறது. தமிழ்ப் பெண்களுக்கும் அந்த மாதிரி ஒரு மேசை வேண்டும், மேசையில் வைக்கச் சொந்த வடிவம் வேண்டும். கோல நோட்டைச் சொன்னது அதற்காகத்தான்.

பணம் ஏற்பாடு செய்வது முதல் தடை அல்ல. அமானா இக்தியார் அமைப்பு 1987 முதல் பெண்களுக்குச் சிறுகடன் தருகிறது. இந்தியப் பெண்களுக்கென 2024-இல் தொடங்கிய ‘பெண்’ என்ற திட்டத்துக்கு 5 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. தடை பயிற்சியில் இருக்கிறது. ஒரே நாளில் தொழில்முனைவோர் ஆகலாம் என்று சொல்லி, காலையில் பாசிப் பையும் மாலையில் சான்றிதழும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போகும் முகாம்கள் நம்மிடம் ஏராளம். ஒரு நாளில் கற்றுக்கொள்ள முடிவது கோப்பது மட்டும்தான். பெயோட்டியில் பட்டை நேராக வரவும், நூல் முடிச்சு வெளியே தெரியாமல் மறையவும், இழுவை ஒரே மாதிரி நிற்கவும் வாரக்கணக்கில் உட்கார வேண்டும். நூலை அதிகம் இழுத்தால் பட்டை சுருளும், தளர விட்டால் இடைவெளியில் நூல் தெரியும். இதைக் கற்றுத் தரும் ஆசிரியருக்கும் அதே அளவு நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது திட்ட அறிக்கைகளில் எழுதப்படுவதில்லை.

கண் கெடும் என்ற பேச்சும் பொய்யில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் பாசியைப் பனிமூட்ட நாளில் ஜன்னல் ஓரத்தில் வைத்துப் பின்ன முடியாது. 40 வயது தாண்டியவருக்குக் வெள்ளெழுத்துக் கண்ணாடியும் நல்ல மேசை விளக்கும் கடனுக்கு முன்னால் வந்து சேர வேண்டும். வீட்டிலிருந்து செய்யும் வேலை என்பதற்காகக் கூலியும் பாதுகாப்பும் குறையக் கூடாது என்ற கருத்தில், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-லேயே 177-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. கண்ணாடியையும் விளக்கையும் அந்தப் பாதுகாப்பில் சேர்ப்பதில் தவறில்லை. கடையிலிருந்து மொத்தமாக ஒப்பந்தம் எடுத்து, பட்டைக்கு இவ்வளவு என்று வீடு வீடாகக் கொடுத்து வாங்கும் இடைத்தரகர் ஒருவர் முளைத்தால், தராசுக் காலம் வேறு உருவில் திரும்பிவிடும். அதனால் ஐந்தாறு பெண்கள் சேர்ந்து பாசியை மொத்தமாக வாங்குவதும், நேரத்தைக் குறித்து வைப்பதும், விலையைச் சேர்ந்தே முடிவு செய்வதும் முதல் நாளிலிருந்தே பழக்கமாக வேண்டும்.

இது எல்லாப் பெண்களுக்குமான தொழில் அல்ல. பொறுமையும் கண்ணும் விரலும் ஒத்துழைக்கும் சிலருக்கானது. ஒரு மலைக்கு இருபது பேர் நன்றாகப் பின்னினால் போதும். அதற்கு மேல் ஆள் சேர்த்தால் சந்தை தாங்காது, விலைதான் சரியும். எத்தனை பேருக்குப் பயிற்சி என்ற எண்ணைக் காட்டி மானியம் வாங்கப் பழகியவர்களுக்கு இந்தச் சின்ன எண் பிடிக்காது. அவர்களுக்குப் பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் மதியத்துக்கு மேல் காலியாகும் ஒரு வகுப்பறை, நல்ல விளக்கு நான்கு, சம்பளம் வாங்கும் ஓர் ஆசிரியர், மூன்று மாதம். இவ்வளவு ஏற்பாட்டோடு தொடங்கலாம். கியா பார்ம் சந்தையில் மேசைக்கு என்ன வாடகை என்பதை முதல் பத்துப் பட்டைகள் நேராக வந்த பிறகு விசாரித்துக்கொள்ளலாம்.